எருமைக்காரருக்கு முதல் உருமால்

செய்தி வந்தபோது கம்பவுண்டர் நடேசன் சர்வீஸ் போடுவதற்காகப் பந்தை மேலே எறிந்து மட்டையையும் ஓங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து, செம்மேட்டில் உள்ள எங்கள் டென்னிஸ் மைதானத்தின் நட்டநடுவே பொதிக்குதிரைகளை ஓட்டிக்கொண்டு சின்னான் வந்து நின்றான். மிளகுப் பொதி இறக்கிவிட்டு அடிவாரத்திலிருந்து திரும்பும் குதிரைகள். மைதானத்துக்குள் கால்நடையின் குளம்பு பட்டுப் பல வருஷங்கள் ஆகின்றன. நான் வழக்கம்போலக் கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"ராவுத்தரு போயிட்டாருங்க," என்றான் சின்னான்.

"எந்த ராவுத்தர்?" என்று கேட்டேன். கொல்லிமலையில் எங்களுக்குத் தெரிந்த ராவுத்தர் ஒருவர்தான். அந்தக் குதிரைகளே அவருடையவைதான். இருந்தாலும் கேட்டேன். வேறு யாராவது ஒரு ராவுத்தர் இருந்து தொலைக்கட்டுமே என்று மனசு ஆசைப்பட்டது. மேலே போன பந்து கீழே விழுந்து, இரண்டு மூன்று முறை துள்ளி, சரிவில் உருண்டு போயிற்று. அதை எடுக்க யாரும் போகவில்லை.

மஸ்தான் ராவுத்தரை நேரில் அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களும் படிக்கலாம். ஆனால் டென்னிஸ் வீரர் ஒருவரின் பெருமையைப் படிக்கப்போகிறோம் என்று நினைத்து வந்தால் ஏமாந்து போவீர்கள். ராவுத்தருக்கு டென்னிஸ் ஆடத் தெரியாது. மட்டையைப் பிரியாணிக் கரண்டி போலப் பிடிப்பார். ஓடவே மாட்டார். "பந்து நம்மளத் தேடி வரணும் தம்பி. பந்தைத் தேடி நாம போறது மரியாதை இல்லீங்க," என்பார். அவரைத் தேடி வந்த பந்துகளையும் அவர் பெரும்பாலும் விசாரித்து அனுப்பிவைத்ததோடு சரி. ஆனாலும் இந்த மலையில் டென்னிஸ் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அவரால்தான். நன்றாக ஆடத் தெரிந்த நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து அதை ஒரே மழைக்காலத்தில் அழித்திருப்போம்.

அவர் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்காரர். மலையில் விளையும் மிளகையும் பலாப்பழத்தையும் வாங்கி, குதிரைகளில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் விற்பவர். ஒருமுறை வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஒருவர் காப்பித் தோட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போனபோது, சாமான்களை ராவுத்தரின் குதிரைகளில்தான் இறக்கினார். போகிற போக்கில், "இதெல்லாம் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்," என்று ஒரு மூட்டையைக் கொடுத்தார். அதில் நான்கு மட்டைகளும் ஒரு வலையும் இருந்தன. ராவுத்தர் மட்டைகளைப் பரணில் போட்டார். வலையைப் பலாப்பழப் பொதி சரியாமல் இருப்பதற்குக் குதிரை மேல் போர்த்தினார். ஒரு சந்தை நாளில் நடேசன் அதைப் பார்த்துவிட்டு, நடுச்சந்தையில் குதிரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நடேசன் திருச்சியில் படித்தபோது டென்னிஸ் ஆடியவர். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குதிரைக்காகவா, வலைக்காகவா என்று ராவுத்தருக்கு அப்போது புரியவில்லையாம்.

அப்போது நான் இங்கே வன இலாகா அலுவலகத்தில் குமாஸ்தா. மரம் அடுக்குவதற்கென்று எங்கள் அலுவலகம் சமன் செய்து, ஒரு மரமும் அடுக்காமல் விட்டிருந்த இடம் ஒன்று இருந்தது. அப்போதிருந்த அதிகாரி நல்ல மனிதர். "சாயங்காலத்தில் ஆடிக்கொள்ளுங்கள், ஆனால் இடம் இலாகாவுடையது என்பதை மறக்கவேண்டாம்," என்று சொல்லிக் கொடுத்தார். மண்ணும் சாணமும் கலந்து மெழுகினோம். சுண்ணாம்பில் கோடு போட்டோம். ராவுத்தர் வலையையும் மட்டைகளையும் கொடுத்தார். பந்தும் மட்டைக்கான நரம்பும் சேலத்திலிருந்து அவருடைய குதிரைகளில் மேலே வந்தன. கொல்லிமலை டென்னிஸ் சங்கம் பிறந்தது. ராவுத்தர் செயலாளர். ஏனென்றால் மற்றவர்கள் எல்லோரும் ஆட விரும்பினோம்.

நாங்கள் யோசிக்காத ஒன்று உண்டு. மலையில் எல்லாம் கிடைக்கும், சமதளம் மட்டும் கிடைக்காது. செம்மேட்டில் இருந்த ஒரே சமதளத்தைத்தான் நாங்கள் பந்தடிப்பதற்காக வளைத்துப் போட்டிருந்தோம். ஊருக்கு அது களம், உலர்த்துமிடம், சந்தைக்குப் போகும் வழி, எருமை படுக்குமிடம். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் சாமை காயும். இன்னொரு பக்கம் எருமைகள் அசை போடும். வலையில் சேலை தொங்கும். நான் எரிந்து விழுவேன். முள்வேலி போட்டேன். ஒரே வாரத்தில் அது பல வீடுகளின் அடுப்புக்குள் போயிற்று. 'உள்ளே வரக்கூடாது' என்று பலகை எழுதி நட்டேன். அதைப் பிடுங்கிப் படுக்கவைத்து, அதன்மேல் உட்கார்ந்து புகையிலை போட்டார்கள். உட்கார வசதியாகப் பலகை செய்து தந்ததற்காக ஒருவர் எனக்கு நன்றியும் சொன்னார்.

இவர்களில் பெரிய எதிரி குண்டூர் நாட்டுச் சடையன் கவுண்டர். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மழை பெய்து மெழுகின தரை ஊறிக் கிடக்கும் நாளாகப் பார்த்து அவருடைய எருமைகள் வரும். அவை போனபின் மைதானம் உளுந்துவடை தட்டிய இலை போலக் குழிகுழியாக இருக்கும். மேலதிகாரியிடம் முறையிட்டுக் கவுண்டரை ஒரு கை பார்ப்பது என்று நான் கிளம்பினேன். ராவுத்தர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"தம்பி, மலைக்காரனை அதட்டினீங்கன்னா நாளைக்கு ரெண்டு எருமை சேத்து ஓட்டுவான். தலையில உருமால் கட்டிவுடுங்க. ஊரான் எருமையக்கூட உள்ள வுடமாட்டான்."

உருமால் என்றால் தலைப்பாகை. நோன்பு என்னும் கோயில் திருவிழாவில், ஊர்க்கூட்டத்தில், பெரியவர்களுக்குக் கட்டுவது. அதை எருமை ஓட்டி மைதானத்தைக் கெடுத்தவருக்குக் கட்டுவதா? நான் சண்டை போட்டேன். நடேசனும் போட்டார். ராவுத்தர் எதையும் காதில் வாங்கவில்லை. தை மாதத்தில் ஒரு சந்தை நாளன்று மைதானத்தில் பாய் விரித்து, மேளம் வைத்து, "நமது மைதானத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் சடையன் கவுண்டர்" என்று ஊர் கேட்கச் சொல்லி, சிவப்புக்கரை போட்ட துணியைத் தன் கையாலேயே அவர் தலையில் கட்டினார். சடையன் கவுண்டர் மேளக்காரரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் தன் எருமைகளைப் பார்த்தார்.

மறுநாள் அவருடைய எருமைகள் சரிவு வழியாகச் சுற்றிக்கொண்டு போயின. அடுத்த வாரம் வேறு யாருடைய எருமையோ உள்ளே வந்தபோது, சடையன் கவுண்டர் உருமாலை மடித்துக் கட்டிக்கொண்டு கம்போடு ஓடி வந்தார். "ஏனுங்க, இது என்ன எருமை படுக்கற தாவுன்னு நெனச்சீங்களா? டென்னிஸுங்க இது, டென்னிஸு!" என்று அவர் போட்ட சத்தம் எங்கள் அலுவலகம் வரை கேட்டது. என் பலகையில் இருந்ததைவிட அதில் அழுத்தம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்த வருஷம் வெள்ளையம்மா. சாமை உலர்த்தியதும் வலையில் சேலை போட்டதும் அவள்தான். 'வலைக் காவல்' என்று பெயர் வைத்து ராவுத்தர் உருமால் எடுத்தார். பெண்பிள்ளைக்கு உருமால் கட்டும் வழக்கம் இல்லையே என்று அவள் புருஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வெள்ளையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"காயப்போட்டது நானுங்க. இந்த ஆளு என்ன பண்ணுனாரு? ஊட்டுல படுத்துக் கெடந்தாரு. அவரு தலைக்கு எதுக்குங்க உருமாலு?"

ராவுத்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துணியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் அங்கேயே நின்று கொண்டைக்கு மேல் தானே சுற்றிக் கட்டிக்கொண்டு, அப்படியே சந்தைக்குள் போய்ப் புளி வாங்கினாள். அன்றிலிருந்து வலைமேல் கொடித்துணி ஏறவில்லை. அவள் சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது. அதை நான் அன்று கவனிக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்த இரண்டாவது வருஷத்தில்தான் எங்கள் தவறு எங்களுக்குத் தெரிந்தது. விழா தொடங்குமுன் சடையன் கவுண்டர் குளித்து, திருநீறு பூசி, வெறுந்தலையோடு முதல் பாயில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத்தான் போன வருஷமே கட்டியாயிற்றே," என்றேன் நான்.

"ஆமாங்க. அதனாலதான் வந்திருக்கறனுங்க."

மலையில் ஒருவர் தலையில் ஒருமுறை உருமால் ஏறினால் அது அந்தக் குடும்பத்தின் உரிமை. வருஷா வருஷம், அதே இடத்தில், அதே வரிசையில் கட்டவேண்டும். அவருக்குப் பின் அவர் மகனுக்கு. வருஷம் ஒருவருக்குக் கொடுத்து முடித்துவிடுவோம் என்று நினைத்தது கீழ்நாட்டுப் புத்தி. ராவுத்தருக்கு இது முன்பே தெரியுமா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். கேட்டபோதெல்லாம், "அடடே, அப்படியா வழக்கம்?" என்று தாடியைத் தடவிக்கொள்வார்.

எடப்புளி நாட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? குண்டூர் நாட்டுக்கு மரியாதை, எங்களுக்கு என்ன என்று கொதித்தார்கள். அவர்களில் பெரியவர் பெரியண்ணன். சந்தைக்குப் பலாப்பழம் சுமந்து வருகிறவர்கள் வழக்கமாக மைதானத்தின் ஓரமாகத்தான் போவார்கள். ஒரு மழை நாளில் பெரியண்ணன் தன் ஆட்களை வயல் சேற்றில் இறக்கி ஏற்றி, வரிசையாக, மெதுவாக, மைதானத்தின் நடுவே நடத்திக்கொண்டு போனார். எங்கள் கண்ணில் படவேண்டும் என்று திரும்பவும் ஒருமுறை நடத்தினார். ராவுத்தர் எழுந்து நின்று கும்பிட்டார். அந்தத் தையில் எடப்புளி நாட்டுக்கும் ஓர் உருமால்.

உருமால் கொடுத்தாயிற்று. யாருக்கு முதலில் கட்டுவது? கோயில்களில் இந்தக் கேள்வி எழுந்தால் நோன்பே நின்றுவிடும். இங்கேயும் இரண்டு நாட்டுக்காரர்களும் எழுந்து நின்று முண்டாசை இறுக்கினார்கள். இதோடு சங்கம் ஒழிந்தது என்று நான் மட்டைகளை உறையில் போட ஆரம்பித்தேன். ராவுத்தர் சாவகாசமாக வலைப்பக்கம் போய் நின்றார்.

"இந்த ஆட்டத்துல ஒரு முறை இருக்குதுங்க. ஒரே ஆளு எப்பவும் ஒரே பக்கம் நிக்க முடியாது. வெயிலு ஒருத்தருக்கே அடிக்கக்கூடாதுன்னு பக்கம் மாறிக்குவாங்க. இந்த வருசம் முதல் கட்டு கிழக்குப் பக்கம். அடுத்த வருசம் மேற்குப் பக்கம். ஆளுக்கு ஒரு பக்கமா உக்காருங்க."

பெரியண்ணன் வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நல்ல ஆட்டங்க இது. முதல் மரியாதைத் தகராறைத் தீக்கறதுக்குன்னே வெள்ளைக்காரன் யோசிச்சு வெச்சிருக்கறான்." டென்னிஸைப் பற்றி அதைவிட உயர்வாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் விழா வளர்ந்தது. சுண்ணாம்புக் கோட்டைச் சுரண்டி வெற்றிலைக்குப் போட்டுக்கொண்டவர், வலைக்கம்பத்தில் ஆட்டைக் கட்டியவர், தூரத்தில் விழுந்த பந்தைக் காட்டுக்கோழி முட்டை என்று அடைக்கு வைத்தவர் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். விழா நாளன்று காலையில் ஆரம்பித்தால் கடைசித் தலைக்குக் கட்டி முடிக்கும்போது மேற்கே சூரியன் இறங்கியிருக்கும். கண் தெரிகிற வரை ஒரே ஓர் ஆட்டம் ஆடுவோம். அதற்குள் உருமால் கட்டியவர்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள். நான் குதிப்பேன். "இது டென்னிஸ் சங்கமா, தலைப்பாகைச் சங்கமா?"

"ஆட்டம் நாளைக்கும் ஆடிக்கலாம் தம்பி. ஆளு இருக்கோணுமில்ல," என்பார் ராவுத்தர்.

ஆள் எதற்கு என்பது யுத்தம் வந்தபோது தெரிந்தது. மரத்துக்குக் கிராக்கி ஏறியது. எங்கள் அலுவலகத்துக்குப் புதிய அதிகாரி வந்தார். கெடுபிடிக்காரர். மைதானத்தைப் பார்த்தார். "மரம் அடுக்க இடமில்லை என்று அழுகிறீர்கள், இங்கே பந்தடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கே வலையை அவிழுங்கள்," என்றார். நான் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். தலையை ஆட்டிவிட்டு வந்து நடேசனிடம் சொன்னேன். சாயங்கால ஆட்டம் இல்லாவிட்டால் இந்த மலையில் காய்ச்சலையும் குளிரையும் தவிர எங்களுக்கு வேறென்ன இருக்கிறது? கீழே சேந்தமங்கலத்தில் இருந்த ராவுத்தருக்கு ஆள் அனுப்பினோம்.

மறுநாள் காலை அதிகாரி ஆட்களோடு வந்து முதல் மரத்தை இழுத்துவந்து கோட்டுக்குள் போடச் செய்தார். நிமிர்ந்து பார்த்தால் குண்டூர் நாட்டிலிருந்து வரும் பாதையில் உருமால்கள் தெரிந்தன. எடப்புளிப் பாதையிலும் தெரிந்தன. எல்லாரும் சந்தை நாள் போல மேளத்தோடு வந்து, அவரவர் பக்கத்தில், அவரவர் வரிசையில் மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெள்ளையம்மா வலையடியில் உட்கார்ந்தாள்.

"நீங்களெல்லாம் யார்? டென்னிஸ் ஆடுகிறவர்களா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க," என்றார் சடையன் கவுண்டர். "ஆடறவங்க அந்த நாலு பேரு. டென்னிஸு நாங்கதானுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் ராவுத்தர் மலையேறி வந்த மூச்சு அடங்காமல், தோளில் சிவப்புக்கரைத் துணியோடு வந்து சேர்ந்தார். கடிந்து ஒரு வார்த்தை இல்லை. "எசமான் இப்பத்தான் வந்திருக்காங்க. நம்ம மைதானத்துக்குன்னு மொத ஆளா மரமே குடுத்திருக்காங்க. மரியாதை பண்ணாம வுடலாமா?" என்று சொல்லிவிட்டு நெருங்கினார். அதிகாரி என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் அவருடைய தொப்பி நடேசன் கையில் இருந்தது, உருமால் தலையில் இருந்தது, மேளம் முழங்கியது. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். தலையில் உருமாலோடு ஒரு மனிதன் கோபமாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்று பார்த்தேன். அவரும் கொஞ்ச நேரம் முயன்றுபார்த்தார்.

"அப்போ மரத்தை எங்கே அடுக்குவது?" என்றார், குரல் தணிந்து. இரண்டு நாட்டு ஆட்களும் சேர்ந்து சாராயக்கடைக்குக் கீழே சரிவை வெட்டி வேறோர் இடம் சமன் செய்து கொடுத்தார்கள். கோட்டுக்குள் விழுந்த அந்த முதல் மரத்தை ஓரமாக உருட்டி வைத்தோம். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் இன்றும் அதன்மேல்தான் உட்காருகிறார்கள். அதிகாரி மாற்றலாகிப் போகும்வரை ஒவ்வொரு தையிலும் கடைசிப் பாயில் காத்திருந்து உருமால் கட்டிக்கொண்டார். வரிசையில் தன்னை முன்னே போடலாமே என்று ஒருமுறை என்னிடம் ஜாடையாகக் கேட்டார்.

ஒருநாள் ராவுத்தரிடம், "ஊருக்கெல்லாம் கட்டுகிறீர்கள். உங்களுக்கு யார் கட்டுவது?" என்றேன். "எனக்குத்தான் தொப்பி இருக்குதே தம்பி," என்று சொல்லிவிட்டுப் பந்து வரும் என்று நின்றார். வரவில்லை.

அடக்கத்துக்குச் சேந்தமங்கலம் போனோம். மலையிறங்கி எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே சிவப்புக்கரை உருமால்கள் நின்றன. இரண்டு நாட்டுக்காரர்களும் அங்கேயும் பாதையின் இரண்டு பக்கமாகத்தான் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

ராவுத்தருக்கு ஒரே மகன், ஜமால். ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். சாதுவான மனிதர். மலை என்றாலே அவருக்குக் கசப்பு. "எங்க அத்தா பாதி ஆயுசை அந்தப் பாதையிலயே வுட்டுட்டாரு. காய்ச்சலும் அங்கதான் வாங்கிட்டு வந்தாரு. குதிரையெல்லாம் குடுத்துடப் போறனுங்க," என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் குதிரைகள் இல்லையென்றால் பந்து இல்லை, நரம்பு இல்லை. உருமால் துணி இல்லை, கட்டுவதற்குக் கையும் இல்லை. கட்டவில்லையென்றால் ஒரே மழைக்காலத்தில் அந்த இடம் பழையபடி களமாகும், இல்லையென்றால் எங்கள் அலுவலகம் அதில் மரம் அடுக்கும்.

நினைவுக் கூட்டத்தை மைதானத்திலேயே வைத்தோம். தந்தையின் பெட்டியில் கிடந்த மட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரேயடியாக விடைபெற்றுக்கொள்வதற்காக ஜமாலும் ஏறி வந்திருந்தார். மைதான ஓரத்து மரத்தின்மேல் உட்கார்ந்து, ஏறிவந்த வலியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ராவுத்தருக்கு ஓர் உருமால் கட்டி மரியாதை செய்யவேண்டும் என்று நான் எழுந்து சொன்னேன். எல்லாரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

சடையன் கவுண்டர் தொண்டையைக் கனைத்தார். "அது எப்படிங்க முடியும்?"

"ஏன் முடியாது?"

"இந்த மைதானத்துல உருமாலு வாங்கோணும்னா மொதல்ல மைதானத்தைக் கெடுத்திருக்கோணுமுங்க. அவரு எதைக் கெடுத்தாரு?"

வெள்ளையம்மா அன்று சொன்னது இப்போதுதான் எனக்கு உறைத்தது: கெடுத்தவர் தலைக்குத்தான் உருமால். "உங்களுக்கெல்லாம் அது தெரியுமா?"

"தெரியாமயா தலையக் குடுத்தோம்?" என்றார் அவர். "எருமை ஓட்டுனவனக் கூப்பிட்டு மைதானக் காவலுங்கறாரு. எருமைக்கே புரிஞ்சு போச்சுங்க. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன். மரியாதை பண்ணிப் போட்டா மனுசன் என்ன பண்றது?"

சரி, முறை என்றால் முறைதான். ராவுத்தர் செய்த கெடுதல் என்ன என்று கூட்டம் தேட ஆரம்பித்தது. நடேசன், "நிறைய பந்து தொலைத்திருக்கிறார்," என்றார். அது பந்துக்குக் கெடுதல், மைதானத்துக்கு இல்லை என்று தள்ளினார்கள். செருப்போடு வந்திருப்பாரே என்றேன். ஒருநாளும் இல்லை, பள்ளிவாசலுக்குப் போகிறவர் மாதிரி வெளியே கழற்றிவிட்டுத்தான் வருவார் என்று பலர் சாட்சி சொன்னார்கள். அவருடைய குதிரைகள் உள்ளே வந்தனவே என்று நடேசன் நினைவூட்டினார். "அன்னைக்கு ராவுத்தரு உசுரோட இல்லீங்க. அது சின்னான் பண்ணுன தப்பு. அவனுக்கு வேணும்னா ஒண்ணு கட்டுங்க," என்றார் பெரியண்ணன். சின்னான் முகம் மலர்ந்துவிட்டது.

பெரியண்ணனுக்கே வருத்தமாகிவிட்டது. "வெத்தலை போடற மனுசன். ஒருநாளாச்சும் உள்ளார எச்சில் துப்பியிருக்கக்கூடாதுங்களா? இப்படி ஒரு ஆளுக்கு எப்படிங்க மரியாதை பண்றது?"

வலையடியில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா எழுந்தாள். அவளுக்கும் வயதாகிவிட்டது. உருமாலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"ஏனுங்க, என்ன கெடுத்தாருன்னா தேடறீங்க? என் சாமை காஞ்ச எடத்தை மறுநாளே மொழுகிப் போட்டோம். எருமை மிதிச்ச குழியையும் மொழுகிப் போட்டோம். இந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரே, இந்தக் குழிய எந்தச் சாணியப் போட்டு மொழுகுவீங்க?"

சடையன் கவுண்டர் எழுந்து, கிழக்குப் பக்கத்து முதல் பாயிலிருந்து நகர்ந்து நின்றார். "மொத உருமாலு அவருக்குங்க," என்றார். அந்த வருஷம் முதல் கட்டு பெறவேண்டியவர் அவர். மேற்குப் பக்கத்திலிருந்து பெரியண்ணனும், "ஆமாங்க," என்றார். இரண்டு நாடும் பக்கம் மாறாமல் ஒத்துப்போனது அன்று ஒருநாள்தான்.

இறந்தவர் உருமால் மகன் தலைக்கு. ஜமாலை அழைத்துவந்து பாயில் உட்காரவைத்தார்கள். கட்டுகிற கை எது என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் ராவுத்தர் கட்டியதை எத்தனையோ முறை எரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றவன். அந்த எரிச்சலில் கட்டும் விதம் மனதில் பதிந்திருந்தது போலும். முதல் கட்டு கோணலாக வந்தது. ஜமால் கண்ணீரைத் துடைத்துக்கொள்ள ஒரு முனை தொங்கியது, அதுவும் நல்லதாயிற்று.

"அத்தாவுக்கு இம்புட்டு மரியாதைன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார் ஜமால். கும்பிட்டு எழுந்தார். "அப்ப நான் கெளம்பறனுங்க."

"நல்லபடியாப் போய்ட்டு வாங்க சாமி," என்றார் சடையன் கவுண்டர். "அடுத்த தைக்கு வெயிலுக்கு முன்னாலயே ஏறிருங்க. மொத பாயி உங்களுது. நீங்க வராம மத்தவங்களுக்குக் கட்ட முடியாதுங்க."

ஜமால் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வழக்கத்தை விளக்கினேன். வருஷா வருஷம், அவருக்குப் பின் அவர் பிள்ளைக்கு. அவர் வந்த பாதையைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவருடைய அத்தா போலவே தாடியைத் தடவிக்கொண்டு, "அடடே, அப்படியா வழக்கம்?" என்றார். குதிரைகளை அவர் இன்னும் விற்கவில்லை. சென்ற வாரம் சின்னான் புதுப் பந்துகள் கொண்டுவந்தான். மைதானத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தான்.

ராவுத்தரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவருடைய துணிக்கட்டும் அதைக் கட்டும் வேலையும்தான். கோபம் எனக்கு இன்னும் வருகிறது. நேற்றுக்கூட வளப்பூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் ஏலக்காய் மூட்டையைக் கோட்டின்மேல் இறக்கிவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தார். நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு, அருகில் போய்ப் பெயரையும் ஊரையும் விசாரித்து வைத்திருக்கிறேன். தலை கொஞ்சம் பெரிய தலை. துணி கூடுதலாக வேண்டியிருக்கும்.